தாண்டிக்குடி மல்லிகாவுக்கு: பத்து சென்ட்டும் இனிப்பு மிளகாயும்

ஓசூர்,
மார்கழி 9

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. அண்ணனைக் கேட்டதாகச் சொல். சுந்தரி அக்கா பேரனுக்குத் தை கடைசியில் காதுகுத்து, உனக்கும் பத்திரிகை வரும். இந்தத் தடவையும் பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னாயானால் அக்கா விடமாட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வளையலை அடகு வைத்துப் பத்து சென்ட்டில் பாலிஹவுஸ், அதுதான் அந்தப் பாலித்தீன் கூரைக் குடில், போட்டு, சிவப்பும் மஞ்சளுமாகக் குடைமிளகாய் வைக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். நாற்றுக்குக் கவலையில்லை, கொடைக்கானல் கடையில் வாங்கிய குட்டிக் குடைமிளகாய்ப் பாக்கெட்டிலிருந்து விதை எடுத்து நிழலில் உலர்த்தியிருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். கண்ணாடி சார் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்டே அவரை மிரட்டிய மல்லிகாதானா இதை எழுதியது?

முதலில் வளையல். அதைக் கையிலேயே போட்டுக்கொள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்து சென்ட் என்றால் 400 சதுர மீட்டர். எங்கள் பக்கம் பாலிஹவுஸ் குடைமிளகாய் ஒன்பது, பத்து மாதம் நிற்கிற பயிர். வியாபாரிக்கு வேண்டியது நாலு மூலையும் ஒரே சீராக, 150 கிராமுக்குக் குறையாமல், தழும்பில்லாத காய். அது வாரம் தவறாமல் வண்டி நிறைய வந்தால்தான் அவன் தோட்டத்துக்கே வருவான். 400 சதுர மீட்டர்க் காய்க்கு யாரும் மலையேறி வரமாட்டார்கள், நீதான் வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ இறக்க வேண்டும். மேலும், கூரைக்குள் மாற்றுப்பயிர் வைக்க மனசு வராது. அதே மண்ணில் அதே குடைமிளகாயைத் திரும்பத் திரும்ப நட்டால், இரண்டு மூன்று போகத்துக்குள் வேர்முடிச்சு நூற்புழு குடியேறிவிடும். செடியைப் பிடுங்கினால் வேர் முழுக்க மணிமணியாகத் தொங்கும். அதற்குப் பிறகு கூரை இருந்தும் பயனில்லை. உனக்குப் பங்குனி, சித்திரை வெயிலுக்கு 35 சதவீத நிழல்வலையும் நாலு வரிசைக் கம்பமும் போதும். அதற்கு ஆகிற செலவு வளையல் வரைக்கும் போகாது.

அடுத்தது என்ன வைப்பது என்பது. குடைமிளகாய் என்றாலே கடையில் பார்க்கிற நாலுபட்டைக் காய்தான் நம் மனசில் நிற்கிறது. இனிப்பு மிளகாய்க் குடும்பம் அதைவிடப் பெரியது. நீ கேட்ட ரகங்களை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நாலுபட்டையில் சின்ஜென்டா விதைக் கம்பெனியின் மூன்றும் உனக்குத் தெரிந்தவைதான். இந்திரா அடர்ந்த இலை, தடித்த தோல், 170 கிராம் வரை எடை. பச்சையாகப் பறிக்கவே அது லாயக்கு. பாம்பி சிவப்பாகும், 130 முதல் 150 கிராம். காய்க்கு நிழல் வேண்டும், வெறும் வெயிலில் வைத்தால் தோள்பட்டையில் வெள்ளையாக வெந்துவிடும். ஓரோபெல் மஞ்சள், குளிருக்கு ஒத்துப்போகும், திறந்தவெளியிலும் நிற்கும். மூன்றில் உன் மலைக்கு நான் கைகாட்டுவது அதைத்தான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா மோகினி, அர்கா கௌரவ், அர்கா பசந்த் மூன்றும் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) இல்லாத ரகங்கள், விதையை நீயே எடுத்து வைக்கலாம். கௌரவ் பாக்டீரியா வாடலைத் தாங்கும், பழுத்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சள். பசந்த் ஹங்கேரிய வழி வந்தது. கூம்பு வடிவம், இளம் வெண்ணெய் நிறம், பழுத்தால் செம்மஞ்சள். நம்மூரில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இப்போது கணக்கைப் பார். நாலுபட்டைக் காய் பச்சையாக வர நட்டதிலிருந்து 65, 70 நாள். நிறம் ஏற இன்னும் இரண்டு மூன்று வாரம், மலைக்குளிரில் அதற்கும் மேலே. அந்த மூன்று வாரமும் செடி அடுத்த பூவைச் சரியாகப் பிடிக்காது, இருக்கிற கனத்த காயையே சுமந்துகொண்டு நிற்கும். அதே நாட்களில்தான் காய்ப்புழு, வெயில் வெந்தல், மழைக்கீறல் எல்லாம் தேடி வரும். நிறக் குடைமிளகாய்க்குப் பச்சையைவிடக் கூடுதல் விலை சும்மா வரவில்லை, இந்த மூன்று வாரத்துக்கான கூலி அது.

அதனால்தான் கொம்பு வகையை எடு என்கிறேன். காளைக்கொம்பு மாதிரி ஆறேழு அங்குல நீளம், தோள் அகலம், நுனி கூர். இத்தாலியர்கள் கோர்னோ டி டோரோ என்பார்கள், அர்த்தமும் காளைக்கொம்புதான். காரம் துளியும் கிடையாது. தோல் நாலுபட்டையைவிட மெல்லிசு, விதையறையும் சின்னது. அதனால் சீக்கிரம் சிவக்கும், செடிக்குக் காயும் கூடுதல். அந்த வகையில் கார்மென் என்ற ஒட்டு 2006-இல் புது ரகங்களுக்குத் தரும் அமெரிக்காவின் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது வாங்கியது, நட்ட 80 நாளில் சிவப்பு. மஞ்சளுக்கு எஸ்கமியோ, அது 2016-இல் வாங்கியது. ஒரு காயைக் குறுக்கே நறுக்கி நாலுபட்டைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். நாலுபட்டையில் நடுவே பெரிய வெற்றிடம், சுவர் தடிமனாக நீர் கோத்து நிற்கும். கொம்பில் சதை ஒட்டிக்கொண்டு, வாயில் போட்டால் முதல் கடியிலேயே தித்திக்கும். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் புரட்டினால் இரண்டு நிமிஷத்தில் ஓரம் கருகிச் சுருண்டு, உப்பு மட்டும் போட்டுத் தின்னலாம்.

இதிலேயே இன்னும் மெல்லிசு ஜிம்மி நார்டெல்லோ. இத்தாலியின் பசிலிகாட்டா பகுதியில் ருவோட்டி என்கிற ஊரிலிருந்து 1887-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய குடும்பம் கொண்டுபோன விதை. அந்த வீட்டுப் பையன் பெயரே ரகத்துக்கு நின்றுவிட்டது. எட்டு, பத்து அங்குல நீளம், சுண்டுவிரலைவிடச் சற்றுப் பருமன், காய்ந்த மிளகாய் மாதிரியே சுருக்கம் விழும், ஆனால் முழு இனிப்பு. வறுக்கவும் உலர்த்தவும் இதற்கு ஈடில்லை. நாலுபட்டையை உலர்த்தப் பார்த்தால் தடித்த சுவர் காய்வதற்குள் அழுகும், இது கயிற்றில் கோத்துக் கட்டினாலே காயும். ஒட்டு இல்லை என்பதால் ஒருமுறை நல்ல விதை கைக்கு வந்தால் பிறகு உன்னுடையதே. உன் தம்பி அமெரிக்காவிலிருந்து கவரில் போட்டு அனுப்புகிறானாம், வேண்டாம் என்று இன்றைக்கே சொல். இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை வரக்கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, மிளகாய், தக்காளி விதையோடு வைரஸும் பயணம் செய்யும். இங்கே உரிமம் உள்ள விற்பனையாளரிடம் சீட்டோடு வாங்கு.

குட்டி மிளகாய் வகைக்குப் போவோம், நீ மயங்கிய அந்த மூன்று நிறப் பாக்கெட். காய் ஒன்று 20, 25 கிராம்தான். அப்படியானால் கிலோவுக்கு 40, 50 காய் பறிக்க வேண்டும். நாலுபட்டையில் ஏழு காயில் கிலோ முடிந்துவிடும். பறிப்புக் கூலி அங்கேதான் தின்னும். ஆனால் செடி உயரமாக, கொத்துக் கொத்தாகக் காய்க்கும், ஒரு காய் கெட்டால் நஷ்டம் 20 கிராமோடு போகும். சுற்றுலாக்காரர்களும் பிள்ளைகளும் பச்சையாகவே கடித்துத் தின்பார்கள். கால் கிலோ பாக்கெட்டாக நீயே நேரில் விற்றால்தான் கட்டும். மண்டிக்கு எடை போட்டு அனுப்ப ஏற்றது இல்லை.

ஷிஷிட்டோ என்று ஜப்பான் வகை ஒன்று உண்டு. மூன்று அங்குலம், நுனி மடங்கிச் சுருங்கியிருக்கும். பச்சையாகவே பறிப்பது, நட்ட 60 நாளில் முதல் கூடை. முழுசாக வதக்கி உப்புத் தூவித் தருவார்கள். பத்தில் ஒன்று காரமாக இருக்கலாம், தண்ணீர் விடுவதை இழுத்தடித்தாலும் வெயில் ஏறினாலும் காரம் கூடும், அதை வாங்குகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆகவேண்டும், ஒரு வாரம் விட்டால் முற்றிவிடும்.

நீ கவனிக்காத ஒன்று. நம் ஜனங்களுக்குக் கொம்பு வகை முற்றிலும் புதுசு இல்லை. பஜ்ஜி மிளகாய் அதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சிதானே! அதனால் வருகிற ஆபத்தும் உண்டு. கொம்பைப் பச்சையாக ஒட்டன்சத்திரம் கொண்டுபோனால், மூட்டையைப் பார்த்ததும் பஜ்ஜி மிளகாய் என்று விலை சொல்லிவிடுவார்கள். அதனால் பச்சையாக ஒரு காயும் இறக்காதே. நிறம் ஏறவிட்டுக் கொடைக்கானல் ஓட்டல் சமையல்காரர்களிடம் போ. விதை போடும் முன்பே போ. யாருக்கு வாரத்துக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் நாற்று எண்ணிக்கை முடிவாக வேண்டும்.

என் மனசில் இருக்கிற பங்கு: மொத்தம் 1000 செடி. கொம்பு 500, அதில் சிவப்பு 350, மஞ்சள் 150. குட்டி வகை 200. ஷிஷிட்டோ 150. மீதி 150-க்கு ஓரோபெல்லோ கௌரவோ, உள்ளூர்க் கடைக்கு. சீசனை மனசில் வைத்துத்தான் சொல்கிறேன். தை முதல் வாரம் விதைத்தால் மாசி நடுவில் நடவு, சித்திரை நடுவுக்குள் ஷிஷிட்டோ, வைகாசித் தொடக்கத்தில் கொம்பு சிவக்கும். கொடைக்கானலில் கூட்டம் ஏப்ரல், மே. நிற நாலுபட்டை கைக்கு வரும்போது பஸ்ஸெல்லாம் இறங்கிப் போயிருக்கும்.

இப்போது நீ காயவைத்த விதை. அந்தப் பாக்கெட் காய்கள் பெரும்பாலும் ஒட்டு. அதன் விதையை விதைத்தால் ஒரே வரிசையில் ஒன்று குட்டி, ஒன்று நீளம், ஒன்று தோல் தடித்தது என்று கலந்து வரும். மூன்று மாதம் வளர்த்த பிறகுதான் தெரியும். ஆசைக்குப் பத்துச் செடி வீட்டு ஓரத்தில் வை, விற்பனைக்கு வேண்டாம். உன் மாமியார் சொன்னாரே, பச்சை மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்தால் குடைமிளகாய்க்குக் காரம் ஏறும் என்று, அது பாதி சரி. காரம் ஊறுவது விதை ஒட்டியிருக்கிற வெள்ளைத் தண்டில், அது தாய்ச் செடியின் உடம்பு. ஆகவே இந்த வருஷக் காயில் ஒரு மாற்றமும் இராது. ஆனால் உள்ளே இருக்கிற விதைக்கு அப்பன் பச்சை மிளகாய். காரம் ஓங்கும் குணம், இனிப்பு ஒடுங்கும் குணம். அந்த விதையை அடுத்த வருஷம் போட்டால் உருவம் குடை மாதிரி, கடித்தால் கண்ணீர். விதைக்கு வைக்கிற செடியில் பூ மொட்டாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பை கட்டு, காலையில் கிளையைத் தட்டிவிடு, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வை. முழுக்கச் சிவந்து லேசாகத் தொய்ந்த பிறகு விதை எடு.

நாற்று விஷயத்தில் அவசரப்படாதே. கிராமுக்கு சுமார் 150 விதை, எட்டு கிராம் போதும், 98 குழி உள்ள குழித்தட்டு 13. தென்னை நார்க்கழிவில் அரை சென்டிமீட்டர் ஆழம். மிளகாய் விதைக்கு 25 முதல் 28 டிகிரிச் சூடு வேண்டும், உன் ஊர்த் தை இரவில் வெளியே வைத்தால் மூன்று வாரம் ஆனாலும் தலைகாட்டாது. தட்டுகளை அடுக்கி, பாலித்தீன் போர்த்தி, அடுப்படிச் சுவரோரம் வை. ஆறாம் நாளிலிருந்து காலையும் மாலையும் திறந்து பார். வெள்ளை முளை தெரிந்த அன்றைக்கே பிரித்து வெளிச்சத்தில் பரப்பு, ஒரு நாள் தாமதித்தாலும் நூலாக நீண்டுவிடும். 40 நாளில் ஐந்தாறு இலையோடு நடலாம்.

நிலம் பீன்ஸ் போட்ட, சரிவின் கீழ்த் தட்டு என்றால் நிம்மதி. தக்காளி, உருளை, கத்தரி, மிளகாய் இருந்த இடம் வேண்டாம். ஒரு டன் மக்கிய தொழுவுரம், அதில் நூறு கிலோவைத் தனியாக எடுத்து ஒரு கிலோ டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கலந்து, ஈரச்சாக்கு மூடிப் பத்து நாள் நிழலில் வைத்துப் பிறகு பாத்தியில் போடு. உங்கள் மண் புளிப்பு, சோதனைச் சீட்டில் சொன்ன அளவு டோலமைட் சுண்ணாம்புத் தூள் நடவுக்கு ஒரு மாதம் முன்பே கலக்க வேண்டும். பாத்தி ஒரு மீட்டர் அகலம், ஒரு சாண் உயரம், நடைபாதை அரை மீட்டர். இரண்டு வரிசை, இடைவெளி 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45. முதல் கிளை பிரிகிற கவட்டில் வருகிற முதல் பூவைக் கிள்ளிவிடு. அதை விட்டால் அந்த ஒற்றைக் காயே செடியைக் குட்டையாக்கும். கொம்புக்கு வேறு கவாத்து வேண்டாம், ஒன்றரை மீட்டருக்கு ஒரு மூங்கில் நட்டு இருபக்கமும் கயிறு ஓட்டினால் போதும். மிளகாய்க் கிளை காயோடு காற்றில் படக்கென்று முறியும்.

தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும் மூலம். காய்ப்பில் இருக்கிற செடிக்கு வெயில் நாளில் ஒன்று, ஒன்றரை லிட்டர், தினமும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் கொட்டினால் காயின் நுனி தோல் மாதிரி பழுப்பாகிக் குழியும். கொம்பு வகை நீளம் என்பதால் அதற்கு இது சீக்கிரம் வரும். சுண்ணாம்புச் சத்து மண்ணில் இருந்தும் நுனி வரை போய்ச் சேராததுதான் காரணம், யூரியா அதிகம் போட்டாலும் இதே கதை. கால்சியம் நைட்ரேட் சொட்டுநீரில் விடலாம், ஆனால் பாஸ்பேட்டோ சல்பேட்டோ உள்ள உரத்தோடு ஒரே தொட்டியில் கலக்காதே, கசடாகத் திரிந்து குழாயை அடைக்கும்.

இலையைத் தினம் பார். மேல் நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ் நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. இரண்டுக்கும் மருந்து வேறு, மாற்றி அடித்துக் காசைக் கரியாக்காதே. சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு மூன்று கிராம், மாலையில், வெயில் தணிந்த பிறகு. இலைப்பேனுக்குப் பூவை உள்ளங்கையில் தட்டிப் பார், 2021 கடைசியில் ஆந்திரா, தெலங்கானா மிளகாயைப் படுத்திய கருப்பு இலைப்பேன் பூவுக்குள்தான் ஒளியும். நீல ஒட்டுப்பொறி நட்ட அன்றே கட்டு.

பகலில் ஒரு செடி மட்டும் இலை பச்சையாகவே வாடித் தொங்கினால், தண்டின் அடியைச் சாய்வாக வெட்டிக் கண்ணாடி டம்ளர் தெளிந்த தண்ணீரில் நுனி படும்படி அசையாமல் பிடி. ஓரிரு நிமிஷத்தில் வெட்டு வாயிலிருந்து பால் நூல் ஒன்று மெதுவாக இறங்கினால் பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. வேர் மண்ணோடு தோண்டித் தோட்டத்துக்கு வெளியே எரி, அந்தக் குழிக்குத் தண்ணீரை நிறுத்து, கையையும் கத்தரியையும் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதே. நூல் இறங்காமல், வேர்க்கழுத்து மட்டும் கறுத்து அழுகியிருந்தால் அது தண்ணீர் தேங்கியதால் வந்த பூஞ்சை. வடிகாலைச் சரிபண்ணு.

பறிப்பைக் கத்தரியால் காம்பு விட்டு வெட்டு, இழுத்தால் கிளையோடு வரும். கொம்பு முக்கால் பங்கு சிவந்தால் வெட்டலாம், மீதி கூடையில் ஏறும். சாக்கு வேண்டாம், கிரேட் பெட்டி. ஓட்டல்காரர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடு: 7 டிகிரிக்குக் கீழே பிரிட்ஜில் நாள்கணக்கில் வைத்தால் தோலில் குழி விழும், அது உன் காயின் குறை இல்லை.

பொங்கலுக்குள் மூன்று காரியம் எழுதி அனுப்பு: எத்தனை ஓட்டல் வாரத்துக்கு எத்தனை கிலோ கேட்டது, மண் சோதனைச் சீட்டு, கீழ்த் தட்டில் போன வருஷம் என்ன பயிர் இருந்தது. குழித்தட்டு 13-ம் நார்க்கழிவும் இங்கே நான் எடுத்து வைக்கிறேன். காதுகுத்துக்கு வரும்போது வளையலோடு வா, குழித்தட்டைத் திரும்பும்போது எடுத்துப் போகலாம் என்று நினைக்காதே, விதைப்பு அதற்கு முன்னாலேயே முடிந்தாக வேண்டும். அண்ணனைப் போகியன்றைக்கே அனுப்பு.

உன்
செல்வி